காக்கா கூட்டுல இருக்கிறது யாரு குஞ்சு? (வேப்பமரம், மூணாவது மாடி)

#1 · மூணாம்மாடி_மல்லி · மே 21

எல்லாருக்கும் வணக்கம். இந்த மன்றத்தை ரொம்ப நாளா வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

வீடு சென்னையில. எங்க பால்கனிக்கு நேர் எதிர்ல ஒரு வேப்பமரம் இருக்கு, கை நீட்டினா இலையைத் தொடலாம். ஏப்ரல் ஆரம்பத்துல ஒரு காக்கா ஜோடி அதுல கூடு கட்டுச்சு. பாதி குச்சி, பாதி கட்டுக்கம்பி. எங்க கொடியில மாட்டியிருந்த ஹேங்கர் ஒண்ணும் அங்கதான் இருக்கு. நீல பிளாஸ்டிக் சுத்தினது, அதனால இங்கிருந்தே தெரியுது.

இப்போ கூட்டுல ரெண்டு குஞ்சு. ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. ஒண்ணுக்கு அலகு தடிமனா இருக்கு, கழுத்துல லேசா சாம்பல் வருது. இன்னொண்ணு கறுப்பு, அலகு சின்னது, இறக்கையில வெளிர் பொட்டு பொட்டா இருக்கு. வாலும் நீளமா வர்ற மாதிரி தெரியுது. அதுதான் வாயைப் பெருசா திறக்குது, முதல் வாய் சோறு எப்பவும் அதுக்குத்தான். மாமியார் பார்த்துட்டு "அது குயில் குஞ்சுடி"ன்னாங்க. வீட்டுக்காரர் "ரெண்டும் காக்காதான், ஒண்ணு சவலை"ங்கிறார். யார் சொல்றது சரி?

இன்னொரு விஷயம். முந்தாநாள் துணி காயப்போடப் போனப்ப காக்கா பின்னாலிருந்து வந்து தலையில ஓங்கி ஒண்ணு வெச்சுட்டுப் போச்சு. தலைக்குக் குளிச்சுட்டு சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்கு போடச் சொன்னாங்க. போட்டேன். நேத்தும் அடிச்சுது.

#2 · தூரநோக்கி · மே 21

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நீங்க சொல்ற பொட்டும் வாலும் குயிலுக்குத்தான் பொருந்துது. சந்தேகம் தீரணும்னா காலைப் பாருங்க. காக்காவுக்கு முன்னாடி மூணு விரல், பின்னாடி ஒண்ணு. குயில் குடும்பத்துக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. குஞ்சு கூட்டு விளிம்புல ஏறி உட்காரும்போது ஒரு படம் எடுத்துப் போடுங்க.

அடி விழுறதுக்கு சனி காரணமில்லைங்க. குஞ்சு வெளியே வர்ற நாள் நெருங்க நெருங்க தாயும் தகப்பனும் இப்படித்தான் வெறி பிடிச்ச மாதிரி இருக்கும். இன்னும் ரெண்டு மூணு வாரத்துக்குக் குடை பிடிச்சுக்கிட்டுத் துணி காயப்போடுங்க.

#3 · தாமிரபரணி · மே 21

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாவ. அது தன் குஞ்சுதானான்னு காக்காகிட்ட யாரும் கேக்கலல்லா!

குடையை விட ஹெல்மெட் நல்லது தங்கச்சி. எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி ஒரு மாசம் ஹெல்மெட் போட்டுத்தான் கடைக்குப் போனாரு. வண்டி ஓட்டும்போது போடாத மனுசன்.

#4 · மூணாம்மாடி_மல்லி · மே 22

படம் இணைச்சிருக்கேன். பெருசாக்கிப் பார்த்தேன். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு! வீட்டுக்காரர் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம காபி குடிக்கப் போயிட்டார்.

இப்போதான் ஒரு விஷயம் ஞாபகம் வருது. ஏப்ரல் நடுவுல ஒரு நாள் காலையில செவப்புக் கண்ணு வெச்ச கறுப்புக் குயில் பக்கத்துக் கிளையில உட்கார்ந்து கத்து கத்துன்னு கத்துச்சு. ரெண்டு காக்காவும் அதைத் துரத்திக்கிட்டுப் போச்சு. அந்த நேரத்துல பழுப்பு நிறத்துல, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோட ஒரு பறவை கூட்டுக்குள்ள போயிட்டு உடனே வெளியே வந்துச்சு. நான் ஏதோ பருந்து வகைன்னு நினைச்சுட்டேன். முட்டையைத் திருட வந்திருக்கும்னு காக்காவுக்காகப் பரிதாபப்பட்டேன் வேற.

#5 · தூரநோக்கி · மே 22

திருட வரலை, வைக்க வந்துது. நீங்க பார்த்ததைப் பார்க்க நான் பதினெட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு தடவைதான் வாய்ச்சுது, அதுவும் பாதிதான்.

அந்தப் புள்ளி போட்ட பறவைதான் பெண் குயில். முழுக் கறுப்பா, பச்சை பூத்த வெளிர் அலகோட இருக்கிறது ஆண். ரெண்டும் வேற வேற சாதின்னு நினைக்கிறவங்க இன்னைக்கும் நிறைய பேர். "கூ...ஊ"ன்னு ஏறிக்கிட்டே போற குரல் ஆணோடது. பெண் கத்தினா "கிக் கிக் கிக்"னு வேகமா, சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். நம்ம பாட்டுல எல்லாம் பாடுற குயில் பெண்ணா இருக்கும். மரத்துல அது ஆண்.

ஆண் காக்காவை இழுத்துட்டுப் போறதும் பெண் உள்ளே புகுறதும் ஒரு கூட்டுத் திட்டம்னு பலர் எழுதியிருக்காங்க. நீங்க பார்த்த அன்னைக்கு அப்படி நடந்திருக்கலாம். ஆனா பல தடவை பெண் தனியாவே வந்து முட்டை போட்டுட்டுப் போறதையும் பார்த்திருக்காங்க. அதனால திட்டம்னு அடிச்சுச் சொல்ல எனக்கு மனசு வரலை. குயிலைக் கண்டாலே காக்கா துரத்தும். ஆண் சும்மா கத்திக்கிட்டு இருந்தாலும் அதுதான் நடக்கும்.

அசத்துறது எதுன்னா நேரக் கணக்கு. காலிக் கூட்டுல குயில் முட்டை வைக்காது. காக்கா முதல் முட்டை போட்டதும், ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள இதுவும் போட்டுடும். அப்போ அந்தக் கூட்டை எத்தனை நாளா எங்கேயோ இலைக்குள்ள உட்கார்ந்து கவனிச்சிருக்கணும் பாருங்க. காக்கா முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12லிருந்து 14 நாள் போதும். கடைசியில வந்தவன் முதல்ல பொரிஞ்சு, ரெண்டு மூணு நாள் முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சுடுவான். "முதல் வாய் சோறு எப்பவும் அதுக்குத்தான்"னு நீங்க எழுதினீங்களே, காரணம் இதுதான்.

#6 · அறம்பேசு · மே 22

எல்லாரும் ரசிச்சுக்கிட்டு இருக்கீங்க. எனக்கு வயிறு எரியுது. ஊரான் வீட்டுல பிள்ளையைப் போட்டுட்டுப் போற பறவையைப் போய் காதலுக்கும் கவிதைக்கும் வெச்சுட்டோம். உழைக்கிற காக்காவைச் சனியன்னு திட்டுறோம். கை எட்டுற தூரத்துலதானே கூடு இருக்கு? அந்தக் குயில் குஞ்சை எடுத்து வெளியே விட்டுடுங்க, காக்கா குஞ்சாவது நல்லா வளரட்டும்.

#7 · தூரநோக்கி · மே 22

தயவுசெய்து செய்யாதீங்க. முதல் விஷயம், அது குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையோட முட்டையையோ கூட்டையோ அழிச்சாலும் வேட்டைக் கணக்குதான். வேடிக்கை என்னன்னா, அதே சட்டத்துல காக்கா பல வருஷம் எலி, பழந்தின்னி வௌவாலோட "தீங்குயிர்" பட்டியல்ல இருந்துது. 2022 திருத்தத்துலதான் அந்தப் பட்டியலையே எடுத்தாங்க.

ரெண்டாவது, நீங்க மனசுல வெச்சிருக்கிறது ஐரோப்பாக் குயிலோட கதைன்னு நினைக்கிறேன். அது பொரிஞ்ச சில மணி நேரத்துல, கண்ணுகூடத் திறக்காத நிலையில, வளர்க்கிற தாயோட முட்டைகளை முதுகுல ஏத்தி ஒவ்வொண்ணா வெளியே தள்ளிடும். அதை முதன்முதலா சரியா விவரிச்சு 1788ல எழுதினவர் எட்வர்ட் ஜென்னர். ஆமா, அம்மைத் தடுப்பூசி ஜென்னரேதான். நம்ம ஊர்க் குயில் குஞ்சு பொதுவா அப்படித் தள்ளாது. உணவுல முந்திக்கும். அதனால காக்கா குஞ்சு இளைச்சுச் சாகுறதும் உண்டு, ரெண்டும் ஒண்ணா வளர்ந்து பறக்குறதும் உண்டு. மல்லி வீட்டுக் கூட்டுல ரெண்டும் இன்னும் உயிரோட இருக்கே.

#8 · அறம்பேசு · மே 22

சட்டம் சரி. அப்போ குயில் செய்யறது நியாயம்னு சொல்றீங்களா?

#9 · தூரநோக்கி · மே 22

குயில்கிட்ட அந்தக் கேள்வியே செல்லாதுங்க. அதுக்குக் கூடு கட்டவே தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு ஏமாத்தினா நியாயம் பேசலாம். அதே குடும்பத்துல செம்போத்து இருக்கு, அது புதருக்குள்ள தானே கூடு கட்டி தானே வளர்க்குது. அதுக்காகச் செம்போத்துக்கு யாரும் பாராட்டுக் கூட்டம் போடலை. சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவி தலையில கட்டிட்டுப் போயிடும். தவிட்டுக்குருவி தன்னை விடப் பெரிய குஞ்சு பின்னாடி இரை தூக்கிக்கிட்டு ஓடுறதைப் பார்த்தா நீங்க இன்னும் ரெண்டு பதிவு போடுவீங்க.

#10 · வடமராட்சி · மே 23

நல்ல இழை. எங்கட பக்கம் சித்திரை வருசம் வாறதைக் குயில்தான் முதல்ல அறிவிக்கும். சிங்கள ஆக்களும் அதைக் "கோஹா" எண்டு சொல்லி, புதுவருசத்தின்ர குரலாத்தான் நினைக்கிறவை. ரெண்டு சனமும் சண்டை பிடிக்காத விசயங்களில அதுவும் ஒண்டு.

ஒரு கேள்வி. எங்கட வளவு வேலியில மஞ்சள் அலரி நிக்குது. நஞ்செண்டு சின்னனில இருந்து ஆடு மாட்டைக் கிட்ட விடமாட்டம். ஆனா குயில் வந்து அந்தக் காயை விழுங்கிறதை நான் என்ர கண்ணால கண்டனான். சாகாதோ?

#11 · தூரநோக்கி · மே 23

நீங்க பார்த்தது சரிதான். பாலூட்டிகளுக்கு விஷமான அந்தப் பழத்தைக் குயில் தின்னுறது பதிவாகியிருக்கு. வளர்ந்த குயிலுக்குச் சாப்பாடே பெரும்பாலும் பழம்தான். ஆல், அரசு, அத்தி, வேம்பு எல்லாம் தின்னும். பெரிய பழத்தையும் முழுசா விழுங்கிட்டுக் கொட்டையைத் துப்பிடும். சந்தன மரம் பரவுறதுல அதுக்குப் பங்கு உண்டு. மல்லி வீட்டுக் குஞ்சு இப்போ தின்னுறது காக்கா சமையல். சோறு, மீன் செதில், குப்பைத்தொட்டி இட்லி. வெளியே வந்த பிறகுதான் சைவம்.

#12 · சுருதிப்பெட்டி · மே 24

இருபது வருஷமா பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். "குயில் மாதிரி பாடு, காக்கா மாதிரி கத்தாதே"ன்னு எத்தனை பிள்ளைகளைச் சொல்லியிருப்பேன்! என் சந்தேகம் இது. காக்கா வளர்த்த பிள்ளைக்குக் குயில் பாட்டை யார் சொல்லிக்கொடுக்கிறா?

#13 · தூரநோக்கி · மே 24

யாரும் இல்லை. குயில் பிறக்கும்போதே பாட்டோட பிறக்குது. கேட்டுக் கத்துக்கணும்னு அவசியமே இல்ல. மைனா, குண்டுக்கரிச்சான் மாதிரிப் பறவைகள்தான் பெரியவங்க பாடுறதைக் கேட்டுப் பழகிப் பாடும்.

இதுல ஒரு கொடுமை இருக்கு, மனசைத் திடப்படுத்திக்கோங்க. பறவை வகைப்பாட்டுல "பாட்டுப்பறவைகள்"னு ஒரு பெரிய பிரிவு உண்டு. அதுக்கேத்த குரல்பெட்டி அமைப்பு, பாட்டைக் கத்துக்கிற மூளை எல்லாம் அந்தப் பிரிவுக்கு உண்டு. காக்கா அதுக்குள்ள வரும். குயில் வராது.

#14 · சுருதிப்பெட்டி · மே 24

நாளைக்கு வகுப்பில் இதைச் சொல்லப்போவதில்லை.

#15 · சிராங்கூன்_தம்பி · மே 25

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன். இங்கே காக்காவும் வந்தேறி, குயிலும் வந்தேறி, நாமளும் அப்படித்தான். மலாயாவுல காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து காக்காவை கிள்ளானுக்குக் கொண்டு வந்தாங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. காக்கா பெருகினதும் பின்னாடியே குயில் நிலையாத் தங்கி, காக்கா கூட்டுல முட்டை வைக்க ஆரம்பிச்சுது. இப்போ எங்க புளோக் கீழே விடியக்காலை நாலரைக்கு ஆரம்பிக்கும் பாருங்க! ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா "ஆகா, குயில்"னு ஜன்னல்கிட்ட நின்னாங்க. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடுதுன்னு புகார் எழுதினார். காக்காவைக் குறைக்க இங்கே சுடுறதும் நடந்திருக்கு. கென்யாவுல 2024ல பத்து லட்சம் வீட்டுக்காகத்தை ஒழிக்கப்போறோம்னு அறிவிச்சதே ஞாபகமிருக்கா? அங்கே காக்காவால உள்ளூர்ப் பறவைங்களுக்குச் சேதம். அங்கே குயில் போகலை போல.

#16 · தாமிரபரணி · மே 25

அப்போ காக்கா பெருகாம இருக்க குயிலு ஒரு கை குடுக்குன்னு சொல்லலாமா?

#17 · தூரநோக்கி · மே 25

கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவுன்னு சொல்ற தைரியம் எனக்கில்லை. சுலபமா ஒரு பக்கம் சாய முடியாத விஷயம் இது. ஸ்பெயின்ல வேற ஒரு குயில், வேற ஒரு காக்கா. அங்கே 2014ல வந்த ஆய்வு, கூட்டுல குயில் குஞ்சு இருந்தா சில வருஷங்கள்ல காக்காவுக்கே லாபம்னு சொல்லுச்சு. பிடிச்சா அந்தக் குஞ்சு ஒரு நாற்றம் பிடிச்ச திரவத்தைப் பீச்சும், பூனை கீனை கிட்ட வராது. நம்ம குயில் அப்படிச் செய்யுதுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. வேற ஊர்க் கதை.

#18 · மூணாம்மாடி_மல்லி · மே 27

அவசரம். காக்கா அடி வாங்கினது நான் மட்டும் இல்ல. நாலாவது மாடி மாமா, கீழ்வீட்டுக் குழந்தை, பால் போடுற பையன், எல்லாரும் சங்கத்துல சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆள் வந்து கிளையை வெட்டப் போறாங்களாம். என்ன சொல்லித் தடுக்கிறது? "குயில் குஞ்சு இருக்கு"ன்னு சொன்னேன், செயலாளர் சிரிக்கிறார்.

#19 · அறம்பேசு · மே 27

வெட்ட விடாதீங்க! கூடு இருக்கிற கிளையை வெட்டுறது சட்டப்படி தப்புன்னு மேலே தூரநோக்கி எழுதியிருக்காரே, அதை அச்செடுத்துக் கொடுங்க. வனத்துறைக்குப் புகார் போகும்னு சொல்லுங்க. ரெண்டு வாரம் தள்ளிப்போட்டா கூடு தானா காலியாயிடும். (ஆமா, நான்தான் சொல்றேன். காக்கா குஞ்சும் அதுல இருக்கில்ல.)

#20 · தூரநோக்கி · மே 27

அறம்பேசு சொன்னதேதான். கூடவே பயத்தைக் குறைக்கிற வழியையும் சொல்லுங்க. மரத்தடியில போறவங்க குடை பிடிக்கட்டும். நின்னு கூட்டை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கல் எறியவே கூடாது, காக்கா முகத்தை மறக்காது. சியாட்டில்ல 2006ல ஜான் மார்ஸ்லஃப்ங்கிற பறவை ஆய்வாளரோட குழுவினர் குகைமனிதன் முகமூடி போட்டுக்கிட்டுச் சில காகங்களைப் பிடிச்சு வளையம் மாட்டி விட்டாங்க. வருஷக்கணக்கா அந்த முகமூடியைக் கண்டாலே கூட்டம் கூடித் திட்டுச்சாம், பிடிபடாத காகங்களும் சேர்ந்து. அது அமெரிக்கக் காகம்தான். ஆனா நம்ம காக்காகிட்ட சோதிச்சுப் பார்க்க வேண்டாம்னு செயலாளர்கிட்ட சொல்லுங்க.

#21 · மூணாம்மாடி_மல்லி · மே 28

முகமூடிக் கதை வேலை செஞ்சுது. சட்டத்துக்கு அசையாத மனுஷன், "அப்போ என் முகம் ஞாபகம் வெச்சுக்குமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். ஜூன் கடைசி வரைக்கும் தள்ளிப் போட்டாச்சு.

#22 · மூணாம்மாடி_மல்லி · மே 30, மாலை 5.20

குயில் குஞ்சு கீழே விழுந்துடுச்சு!! கார் நிறுத்துற இடத்துல இருக்கு. வாட்ச்மேன் அண்ணா அட்டைப்பெட்டியில போட்டு வெச்சிருக்கார். பால்ல நனைச்ச பிரெட் கொடுக்கலாமான்னு கேட்கிறார். பூனை சுத்துது.

#23 · தூரநோக்கி · மே 30, மாலை 5.26

பால், பிரெட் எதுவும் வேண்டாம். வாயில தண்ணி ஊத்தவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ரத்தம் இருக்கா? இறக்கை தொங்குதா? ரெண்டும் இல்லேன்னா அது விழலை, வெளியே வந்திருக்கு. இந்த வயசுல சரியாப் பறக்காது, கிளை கிளையாத் தத்தும். பூனையை விரட்டிட்டு, எட்டுற உயரத்துல அடர்த்தியான கிளையில வெச்சுட்டு எல்லாரும் தள்ளிப் போங்க. வைக்கிறவர் தலைக்கு ஏதாவது போட்டுக்கணும்.

#24 · மூணாம்மாடி_மல்லி · மே 30, இரவு 8.45

அண்ணா ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஏணியில ஏறி வெச்சார். மூணு காக்கா அவர் மேல பாய்ஞ்சுது, மூணாவது எங்கிருந்து வந்துதுன்னு தெரியலை. நாங்க எல்லாரும் மாடிப்படி ஜன்னல் வழியாப் பார்த்தோம். இருபது நிமிஷம் ஒண்ணும் நடக்கலை. இருட்டப்போகுதேன்னு நினைக்கும்போது தாய்க்காக்கா வந்துச்சு. குஞ்சு இறக்கையை நடுக்கிக்கிட்டு வாயைத் திறந்துச்சு, காக்கா ஏதோ ஊட்டிச்சு. செயலாளர்கூட "ஊட்டிடுச்சு, ஊட்டிடுச்சு"ன்னு கத்தினார்.

மாமியார் மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியலை. இவ்வளவு புத்திசாலியான காக்காவுக்கு, இது தன்னுது இல்லைன்னு இப்பவாவது தெரியாதா?

#25 · தூரநோக்கி · மே 31

உங்க மாமியார் நேரா வந்து இந்த மன்றத்துல சேரட்டும்.

நானும் இதை ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஒரு பதில் இப்படி. தன் முட்டையை, குஞ்சைச் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போடுற குணம் காக்காவுக்கு வந்தா, சில சமயம் சொந்தக் குஞ்சையே தூக்கிப் போட்டுடும். அந்தத் தப்போட விலை பெரிசு. எல்லாக் கூட்டுலயும் குயில் முட்டை இருக்கிறதில்லை. அதனால திறந்த வாய் எதுவா இருந்தாலும் ஊட்டுங்கிறது காக்காவுக்கு மொத்தத்துல நஷ்டமில்லாத வழி. முகத்தை ஞாபகம் வெச்சுக்கிற மூளையும், கூட்டுக்குள்ள திறந்த வாயைப் பார்க்கிற மூளையும் ஒரே வேலைக்கு உருவானது இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். பெண் குயில் சில சமயம் திரும்பி வந்து தன் குஞ்சுக்கு ஊட்டினதைப் பார்த்தவங்க எழுதி வெச்சிருக்காங்க. "போட்டுட்டுப் போயிடுச்சு"ன்னு முழுசா சொல்லிட முடியலை. அறம்பேசு, இதையும் உங்க கணக்குல சேர்த்துக்கோங்க.

#26 · அறம்பேசு · மே 31

சேர்த்துக்கிட்டேன். கணக்கு இன்னும் நேர் ஆகலை.

#27 · வடமராட்சி · ஜூன் 2

மல்லி அக்கா, காக்கா குஞ்சுக்கு என்ன நடந்தது? எல்லாரும் குயிலைப் பற்றியே கதைக்கிறீங்கள்.

#28 · மூணாம்மாடி_மல்லி · ஜூன் 6

மன்னிச்சுக்கோங்க, நியாயமான கேள்வி. அது நாலு நாள் கழிச்சு வெளியே வந்துச்சு. மெலிஞ்சுதான் இருக்கு, ஆனா பறக்குது. இப்போ தண்ணித்தொட்டி விளிம்புல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உட்காருது. ஊட்ட வந்தா குயில் முந்துது. முந்தாநாள் மட்டும் காக்கா குஞ்சு குயிலோட வாலைக் கொத்தி இழுத்துட்டு முன்னாடி போச்சு. வீட்டுல எல்லாரும் கை தட்டினோம்.

#29 · மூணாம்மாடி_மல்லி · ஜூலை 3

பத்து நாளா குயில் குஞ்சைக் காணலை. கடைசியா பார்த்தப்ப எதிர்வீட்டு அத்திமரத்துல தனியா பழம் தின்னுக்கிட்டு இருந்துச்சு. காக்கா குஞ்சு இன்னும் தாய் பின்னாடியே கத்திக்கிட்டுச் சுத்துது. கிளையை வெட்ட ஆள் வரவே இல்ல, எல்லாரும் மறந்துட்டாங்க.

#30 · தாமிரபரணி · பிப்ரவரி 11

பழைய இழையை மேலே கொண்டாரேன். இன்னிக்கு விடியக்காலம் எங்கூர்ல முதல் குயில் சத்தம் கேட்டுச்சு. மல்லி தங்கச்சி, உங்க பயல் எப்படி இருக்கான்?

#31 · தூரநோக்கி · பிப்ரவரி 11

பயலா பெண்ணான்னே நமக்குத் தெரியாதே! இத்தனை மாசமும் குயில் எங்கேயும் போகலை, இங்கேயேதான் இருந்துது. கத்தாததால நம்ம கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புல என் வீட்டுப் பக்கத்துலயே நாலு எண்ணினேன், எல்லாம் ஊமையா உட்கார்ந்திருந்துது.

#32 · மூணாம்மாடி_மல்லி · மார்ச் 29

இங்கேயும் குயில் கத்துது, தினமும் அஞ்சு மணிக்கு. நம்ம வீட்டுதான்னு மாமியார் அடிச்சுச் சொல்றாங்க. நான் எதிர்த்துப் பேசலை.

வேப்பமரத்துல காக்காவும் குச்சி சேர்க்க ஆரம்பிச்சாச்சு. நேத்து கொடியில இருந்து ரெண்டு ஹேங்கர் காணோம். ஒண்ணுல வீட்டுக்காரரோட பனியன் இருந்துச்சு.